மூன்று நொடியில் இறந்த தையல்காரி

அலுவலகத்தில் எல்லாரும் அவனை மின்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பது நிமிட வேலையை மூன்று நொடிக்குக் கொண்டுவந்தவன் என்பதால் மேலாளர் வைத்த பெயர் அது. அவனும் அதைக் கேட்டு உள்ளுக்குள் பூரித்துப் போவான்.

ஆஸ்பத்திரி, நூலகம், குடியிருப்பு, பிறப்பு இறப்பு என்று நகரத்தின் பட்டியல்கள் இணையத்தில் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் இணைய முகவரி கொடுத்து, ‘இங்கே இருப்பவரும் அங்கே இருப்பவரும் ஒருவரே’ என்று கோத்துவிடுவது அவன் வேலை. கோத்துவிட்டால் போதும். ஒரே கேள்விக்கு எல்லாப் பட்டியலும் சேர்ந்து பதில் சொல்லும். ஒன்றில் எழுதியது மற்றதற்கும் பொருந்தும்.

பெயர்களை ஒப்பிடுவதுதான் நேரத்தைத் தின்றது. ஒரே ஆளின் பெயரை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தார்கள். அதனால் பெயரையே தூக்கி ஓரமாக வைத்தான். பிறந்த தேதியும் கதவு எண்ணும் ஒத்துப்போனால் ஒரே ஆள், முடிந்தது கதை.

பக்கத்து மேஜையில் ஆஸ்பத்திரிப் பட்டியலைப் பதிவு செய்யும் அக்கா அன்றைக்கே கேட்டாள்.

“ஏம்பா, ஒரே வீட்டுல ரெட்டைப் பிள்ளைங்க இருந்தா என்ன பண்ணும் உன் மிஷினு?”

“அதெல்லாம் ஆயிரத்துல ஒண்ணுக்கா. அதுக்காக ஊரையே காக்க வைக்கச் சொல்றீங்களா?” என்று சிரித்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அக்கா தலையைக் குனிந்து வேலையைப் பார்த்தாள்.

ஏழு மாதம் கழித்து ஒரு தையல்காரி வந்து நின்றாள். ஐம்பத்தெட்டு வயது. ரவிக்கையில் ஊசி குத்தியிருந்தது, அதில் நீல நூல் தொங்கியது. கண்புரை அறுவைக்காக நாலு மாதம் காத்திருந்து ஆஸ்பத்திரிக்குப் போனவளிடம், ‘நீங்க இறந்துட்டதா வருது’ என்று சொல்லித் தேதியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

“இறந்தது எங்க அக்காங்க. எனக்குப் பத்து நிமிஷம் முன்னாடி பிறந்தவ. ஒண்ணாத்தான் தச்சோம், ஒண்ணாத்தான் இருந்தோம். போன மாசம் அவ போயிட்டா. அதுக்கு என்னையுமா சேர்த்து அனுப்புவீங்க?”

மின்னலுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஒரே பிறந்த தேதி, ஒரே கதவு எண். வாய் மட்டும் வேறொன்றைச் சொன்னது.

“ஆஸ்பத்திரிப் பதிவுல தப்பு நடந்திருக்கும்மா. பார்த்துச் சொல்றேன்.”

பின்னால் நின்ற மேலாளர் காதில் அது விழுந்தது. சாயங்காலமே பக்கத்து மேஜை அக்காவிடம் விளக்கம் கேட்டு ஓலை வந்தது.

அக்கா பழைய தாள்களைக் கட்டுக்கட்டாக இறக்கி, தன் கை எங்கே தவறியது என்று விரல் வைத்துத் தேடினாள். முதல் நாள் தேடினாள், இரண்டாம் நாளும் தேடினாள். மின்னல் திரையைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தான். ‘இப்போது சொல்லிவிடலாம்’ என்று எழுவான்; தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருவான். மூன்றாம் நாள் அக்கா அவனிடமே வந்தாள்.

“கண்ணு, எனக்குப் புடிபடல. நீ கொஞ்சம் பாரேன், நான் எங்க விட்டேன்னு.”

அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

“நீங்க எங்கேயும் விடலக்கா. தப்பு என்னோடது. முதல் நாளே தெரியும் எனக்கு.”

அக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். “முதல் நாளேவா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு தாள்களை ஒவ்வொன்றாக மறுபடி கட்டத் தொடங்கினாள். அவன் உதவ நீட்டிய கையை அவள் கண்டுகொள்ளவில்லை.

மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னான். ஓலை திரும்பிப் போனது. அவன் பெயருக்கு வேறோர் ஓலை வந்தது. இணைப்புகளைப் புரட்டிப் பார்த்தபோது அப்படி ஒன்றாக்கப்பட்டவர்கள் அறுபத்துமூன்று ஜோடி இருந்தார்கள். தேதியும் கதவு எண்ணும் ஒத்துப்போகிறவர்களை முதலில் பிரித்தெடுத்து, அவர்களுக்குள் மட்டும் பெயரையும் ஒப்பிடும்படி மாற்றி எழுதினான். மூன்று நொடி இருபது நொடியானது. இருபது நொடி! இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்கலாம் என்ற நினைப்புதான் அவனை அதிகம் குத்தியது.

அறுபத்துமூன்று ஜோடியையும் பிரித்து முடிக்க மூன்று வாரம் ஆனது. பிறகு புதுத் தேதிச் சீட்டை எடுத்துக்கொண்டு தையல்காரியின் வீட்டுக்கு அவனே போனான். முன்னறையில் இரண்டு தையல் இயந்திரம். ஒன்றுக்கு உறை போட்டிருந்தது. எதிரில் உட்கார்ந்து நடந்ததை மறைக்காமல் சொன்னான். “மன்னிச்சிடுங்கம்மா” என்று அவள் பெயரையும் சேர்த்துச் சொன்னான்.

அவள் நிமிர்ந்தாள். “அது எங்க அக்கா பேருங்க.”

மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெயர். அவள் முகத்துக்கு நேராகவே மாற்றிச் சொல்லிவிட்டான். பார்வை தரையைவிட்டு எழவில்லை. அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவளோ சீட்டை வாங்கிக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

“இதுல சரியாத்தான் போட்டிருக்கீங்க,” என்றாள். “செவ்வாய்க்கிழமையா? யாராவது கூட வரணுமாமே.”

வீட்டில் வேறு யாரும் இல்லை.

“நான் வர்றேம்மா,” என்றான்.

அவள் சீட்டை மடித்து வைத்தாள். “காலையில எட்டு மணிக்கு,” என்றாள்.