துணிக் கிடங்கில் கால் தூக்கியவள்

செக்கிங் அக்கா துணிக் கிடங்கில் தலைகீழாகத் தொங்குகிறாள் என்ற செய்தி சாப்பாட்டு இடைவேளையில் கிளம்பி, மாலைச் சங்கு ஊதுவதற்குள் தொழிற்சாலை முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. அயர்ன் பகுதிக்கு வந்தபோது அவள் மயங்கி விழுந்திருந்தாள். பேக்கிங் பகுதியில் சூப்பர்வைசருக்கு எதிராக மந்திரம் போட்டுக்கொண்டிருந்தாள். வாசல் காவலாளியிடம் போய்ச் சேர்ந்தபோது ஆளே போய்விட்டிருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து நின்றதாகவும், அவளே எதிரில் வந்து "வரேண்ணே" என்றதும் தொப்பியை அவசரமாக மாட்டிக்கொண்டதாகவும் சொல்கிறார்கள். தொப்பி விஷயம் உண்மை, அவரே ஒப்புக்கொண்டார். மற்றதைத்தான் விசாரிக்க வேண்டியிருந்தது.

விசாரித்ததில், தொங்கவில்லை. படுத்திருந்தாள். கிடங்கின் மூலையில் பிரித்த அட்டைப்பெட்டிகளை விரித்து, இடுப்பைச் சுவரோடு ஒட்டி, இரண்டு கால்களையும் சுவரில் நிமிர்த்தி வைத்து, கண்ணை மூடிக் கிடந்தாள். நூல் எடுக்கப் போன பெண்ணுக்கு அலமாரிக்கு மேலே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. பாதம் அவ்வளவு உயரத்தில் தெரிந்தால் மீதி ஆளை அவரவர் கற்பனைதான் நிரப்பிக்கொள்ளும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. தையல் மெஷின்கள் அத்தனை சத்தம் போடும் இடத்தில் வதந்திக்கு மட்டும் எப்படிக் காது கேட்கிறது என்பது தனி ஆராய்ச்சி.

அவளுக்கு அங்கே அம்பக்கா என்று பேர். தைத்து வரும் சட்டைகளைக் கடைசியாகப் பார்ப்பது அவள் மேசை. காலர் முனை இரண்டும் ஒரே அளவா, தையல் சுருங்கியிருக்கிறதா, கையை ஒட்டிய இடத்தில் துணி மடிந்திருக்கிறதா என்று பார்த்து, குறை இருந்தால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிப் பெட்டியில் போடுவாள். அதற்கு ஆல்டர் பெட்டி என்று பேர். பிரித்துத் தைக்கப் போகும். அம்பு ஒட்டியவளுக்கு வேலை முடிந்தது, தைத்தவளுக்கு வேலை மறுபடி ஆரம்பம். ஆகவே அம்பக்காவை யாருக்கும் பிடிக்காது. பிடிக்கக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் தகுதியே.

வீட்டுக்குப் போனாலும் முழங்கையில் ஒன்றிரண்டு அம்பு ஒட்டிக்கொண்டு வரும். அவள் மகள் அதைப் பிரித்து அம்மாவின் நெற்றியிலேயே ஒட்டி, "இந்தப் பீஸ்ல கோளாறு இருக்கு, திருப்பி அனுப்புங்க" என்பாள். நல்ல நாட்களில் அம்பக்காவும் சிரிப்பாள். நல்ல நாட்கள் இல்லாத வாரம் ஒன்று மாதாமாதம் வரும். அந்த வாரம் மகள் நெற்றிப் பக்கமே போக மாட்டாள்.

தூரம், அதாவது மாதவிலக்கு, வருவதற்கு முந்தைய வாரம் அது. மார்பு கனக்கும், இடுப்பை யாரோ முறுக்கிப் பிழிந்த மாதிரி இருக்கும், ராத்திரி தூக்கம் வராது, பகலில் தூக்கத்தைத் தவிர வேறெதுவும் வராது. டம்ளர் கீழே விழுந்தால் அழுகை வரும். அழுததைப் பார்த்து யாராவது என்ன என்று கேட்டால் கோபம் வரும். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அவள் கணவனுக்கு அந்த வாரம் மட்டும் ஊரில் உள்ள ஃபிரிட்ஜெல்லாம் ஒரே சமயத்தில் கெட்டுப்போகும். கடையிலிருந்து தாமதமாகத்தான் வருவான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கே வாயு கசிகிறது என்று குழாயில் சோப்பு நுரை தடவிக் கண்டுபிடிக்கத் தெரிந்த மனிதன். மனைவியிடம் நுரை தடவ முடியாது.

தொழிற்சாலைக்கும் அந்த வாரம் தெரியும். அம்பக்கா வாய் திறந்து யாரிடமும் சொன்னதில்லை, ஆனாலும் தெரியும். பெட்டி நிறைந்தால், "இன்னிக்கு அக்காவுக்கு அந்த வாரம்" என்பார்கள். நிறையாவிட்டால், "முடிஞ்சிருச்சு போல" என்பார்கள். தையல் கோணினாலும் காரணம் அவள் உடம்பு. நேராக இருந்தாலும் காரணம் அவள் உடம்பு. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பது பழைய கதை. இங்கே கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அம்பக்கா கோணல்.

எல்லாரையும் விட இதில் உறுதியாக இருந்தவர் சூப்பர்வைசர். எதற்கெடுத்தாலும் சீக்கிரம், சீக்கிரம் என்பதால் அவருக்குச் சீக்கிரம் சார் என்றே பேர். சட்டை திரும்பி வந்தால் அவர் கணக்கு தாமதமாகும். அதற்குக் காரணம் தன் வேகமாக இருக்க முடியாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அப்படி ஒரு வாரத்தில்தான் அது நடந்தது. சட்டைக்குக் கை ஒட்டுகிற பெண் ஒருத்தி, வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகாதவள். நீலச் சட்டை ஆர்டர். அம்பக்காவுக்கு அன்று காலையிலிருந்தே நெற்றிப்பொட்டு தெறித்தது. ஒரு சட்டையைப் பார்த்தாள், அதன் ஒரு கையிலேயே மூன்று அம்பு ஒட்டினாள், பெட்டியில் போடாமல் நேராகப் போய் அந்தப் பெண்ணின் மெஷின் மேல் விசிறினாள்.

"கண்ணை வீட்ல கழட்டி வச்சிட்டு வந்தியா? இதெல்லாம் ஒரு கையா?"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தப் பெண் சட்டையை மடித்து, தானே கொண்டுபோய் ஆல்டர் பெட்டியில் போட்டுவிட்டு, கழிப்பறைக்குப் போனாள். வெளியே வர நேரமாயிற்று. மறுவாரம் சீக்கிரம் சார் அவளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார். அம்பக்காவைக் கூப்பிட்டு, இப்படியே போனால் மேசையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு உன்னைப் பிசிறு வெட்டப் போடவேண்டியிருக்கும் என்றார். மூன்று மாதம் பார்ப்பதாகவும் சொன்னார். பிசிறு வெட்டுவது புதிதாக வருகிறவர்கள் செய்கிற வேலை.

மேசை போவது பெரிதாகப் படவில்லை அவளுக்கு. போனால் கால் வலியாவது குறையும். அவளை அரித்தது வேறு. எல்லாரும் சொல்வது நிஜமாக இருந்துவிட்டால்? இத்தனை வருஷம் அவள் பார்த்தது சட்டையையா, தன் வலியையா? கண்ணை நம்பிப் பிழைக்கிறவளுக்குக் கண் மேலேயே சந்தேகம் வந்தால் எங்கே போய் நிற்பது?

டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். அவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், எதையெதையோ கேட்டார், இது உன் குணமல்ல, உடம்பில் மாதாமாதம் நடக்கிற மாற்றம், நிறையப் பேருக்கு வருவது, சொல்லத்தான் மாட்டார்கள் என்றார். மாத்திரை எழுதினார். கூடவே யோகா பழகிப் பார்க்கச் சொன்னார்.

"மாத்திரைக்குப் பதிலா இல்லம்மா, மாத்திரையோட சேர்த்து. கொஞ்ச மாசம் விடாம பண்ணுங்க. சிலருக்கு நல்லாக் கேக்குது, சிலருக்குக் கொஞ்சம். ஒண்ணும் குறையலைன்னா திரும்ப வாங்க, வேற பாக்கலாம்."

இவ்வளவு குறைவாக வாக்குக் கொடுக்கிற டாக்டரை அவள் பார்த்ததில்லை. அதனாலேயே நம்பினாள்.

யோகா வகுப்பு டயர் கடைக்கு மேல் மாடியில். கற்றுக்கொடுக்கிறவள் பகலில் இன்ஷூரன்ஸ் பிடிக்கிறவள். ஆகவே மரணத்தைப் பற்றியும் மூச்சைப் பற்றியும் ஒரே குரலில் பேசுவாள். முதல் நாள் எல்லாரையும் படுக்க வைத்து, மனதுக்குப் பிடித்த அமைதியான இடம் ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொன்னாள். மற்றவர்களுக்கு மலையும் கடலும் வந்திருக்கும். அம்பக்காவுக்கு நினைவுக்கு வந்தது பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை. அதிலும் பக்கத்தில் ஆள் இல்லாதது. அங்கே போய் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள். குறட்டை கேட்டுப் பக்கத்துப் பாயில் இருந்தவள் எழுப்பப் போக, மாஸ்டரம்மா தடுத்திருக்கிறாள். "விடுங்க, இங்க ஒழுங்கா செஞ்சது அவங்க ஒருத்தர்தான்."

முழங்காலை மடித்துக் குப்புறக் கவிழ்ந்து நெற்றியைத் தரையில் வைப்பது, மல்லாந்து பாதங்களைச் சேர்த்து முழங்கால்களைப் பக்கவாட்டில் விரிப்பது, காலைச் சுவரில் ஏற்றிக் கிடப்பது, மூச்சை இழுத்ததை விட நிதானமாக விடுவது. அவ்வளவுதான். வில்லாக வளைவதெல்லாம் இல்லை. வீட்டில் செய்யப் பார்த்தாள். குப்புறக் கவிழ்ந்திருக்கும்போது கணவன் வந்து என்ன தேடுகிறாய் என்று கேட்டான். மறுநாள் அவனும் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேட ஆரம்பித்தான். உதவி செய்கிற மனிதனிடம் கோபப்பட முடியவில்லை. அதனால்தான் இடைவேளையில், ஆள் வராத துணிக் கிடங்கு.

பலன் உண்டா என்றால், உண்டு, கொஞ்சம். இரண்டாம் மாதம் இடுப்பின் முறுக்கு தளர்ந்தது. ராத்திரி தூக்கம் வந்தது. கோபம் நிற்கவில்லை, முன்பு கதவை உடைத்துக்கொண்டு வந்தது, இப்போது தட்டிவிட்டு வந்தது. தட்டுகிற அந்த இடைவெளியில் நாக்கைப் பிடித்து நிறுத்த முடிந்தது. அலுப்பு மட்டும் அப்படியே இருந்தது. அது அந்த வாரத்துக்கு உரியதல்ல, எல்லா வாரத்துக்கும் பொது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

பாதம் தெரிந்த செய்தி பரவிய மறுநாள் சீக்கிரம் சார் நேரில் பிடிக்க வந்தார். அவள் கால்கள் சுவரில் இருந்தன. அவர் பார்வையைக் கூரையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்னம்மா இது, வேலை செய்யிற இடத்துல?"

"யோகா சார். மாசா மாசம் வர்ற வலிக்கு."

அவருக்குக் காது சிவந்துவிட்டது. மின்விசிறியைக் கூர்ந்து பார்த்தார். பிறகு வியாபார மூளை வேலை செய்தது.

"அப்ப இனிமே பீஸ் அதிகம் திரும்பாதில்ல?"

அன்றிலிருந்து அந்தத் தொழிற்சாலையில் யோகாவுக்கு அவரைப் போலப் பிரச்சாரகர் கிடையாது. அக்கா குளிர்ந்துவிட்டாள் என்று தையல் லைன் முழுக்கச் சொன்னார். லைனும் நம்பியது. வேகம் கூடியது, தையல் ஓடியது, காலர் முனைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் வர ஆரம்பித்தன. அம்பக்கா கத்தவில்லை. கோபமே இல்லாமல், நிதானமாக மூச்சை விட்டுக்கொண்டு, அம்பு அம்பாக ஒட்டினாள். பெட்டி முன்னெப்போதையும் விட நிறைந்தது. அது அவளுக்கு நல்ல வாரம் வேறு. சீக்கிரம் சார் தலையில் கை வைத்துக்கொண்டு, யோகா மாஸ்டர் சரியில்லை போலிருக்கிறது, வேறு நல்ல மாஸ்டராகப் பார் என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மத்தியானம் கிடங்கில் கால் ஏற்றிக் கிடந்தபோது தலைமாட்டில் இருந்த மூட்டை கண்ணில் பட்டது. நீலச் சட்டைகள். அந்த ஆர்டரின் ஆல்டர் பீஸ்கள், பிரித்துத் தைக்க ஆளில்லாமல் கட்டிப் போட்டது போட்டபடி. எல்லாம் அந்த வாரத்தில் அவள் கையாலேயே ஒட்டிய அம்புகள். அவிழ்த்தாள். வலி இல்லாத கண்ணோடு ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காலர் கோணல், சரிதான். தையல் சுருக்கம், சரிதான். பெரும்பாலும் சரிதான். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் மெதுவாகப் புரண்டது. தன் கண் தன்னை ஏமாற்றவில்லை.

நடு நடுவே சில சட்டைகளில் ஒன்றுமில்லை. ஒன்றில், ஒரே கையில் மூன்று அம்பு. உள்ளே புரட்டினாள், வெளியே புரட்டினாள், இழுத்துப் பார்த்தாள். அந்தக் கை நேராக, பிசிறில்லாமல், அந்த மூட்டையிலேயே நன்றாக ஒட்டிய கையாக இருந்தது.

சீக்கிரம் சாரிடம் ஒளிக்காமல் சொன்னாள். முக்கால்வாசி அவர் அவசரப்படுத்தித் தைக்கவைத்த குறை, சிலது தன் குறை. அவர் முக்கால்வாசியை விட்டுவிட்டுச் சிலதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தான் அப்போதே சொன்னதாகவும் சொன்னார். ஆனால் மேசையை வேறு யாரும் கேட்கவில்லை. ஊரின் கோபத்தை வாங்குகிற இடத்துக்குப் போட்டி இருக்காது. அம்பக்கா அங்கேயே இருந்தாள். நியாயம் இப்படியும் சில நேரம் கிடைக்கும், ஆள் பற்றாக்குறையின் வழியாக.

மிச்சம் இருந்தது கீழ்த்தளம். முதல் தடவை இறங்கிப் போனபோது, கை ஒட்டுகிற அந்தப் பெண் அன்று வரவில்லை. இரண்டாம் தடவை இருந்தாள். அம்பக்காவைத் தூரத்தில் பார்த்ததுமே மெஷினை நிறுத்தி, முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அடி வாங்கத் தயாராகிற மாதிரி. சுற்றிலும் மெஷின்கள் நின்றன, அன்று நின்றது போலவே.

"சொல்லுங்கக்கா. என் பீஸ் ஏதாவது திரும்பிடுச்சா?"

கோபம் கதவைத் தட்டினால் எப்படி நிறுத்துவது என்று மாடியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தொண்டையில் நிற்கிற வார்த்தையை எப்படி வெளியே எடுப்பது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் திட்டியதை அத்தனை பேர் முன்னால்தானே திரும்பப் பெற வேண்டும்? அம்பக்கா மூச்சை இழுத்தாள், விட்டாள்.

"இல்லம்மா. எல்லாம் பாஸ்."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு மெஷினை ஓட்டினாள். அம்பக்கா படியேறினாள். சொல்லப் போனது அதுவல்ல என்று அவளுக்குத் தெரியும். அதற்கப்புறம் கீழ்த்தளத்துக்கு அவள் போனதாக யாரும் சொல்லவில்லை.