அதெல்லாம் ஒரு மாத்திரையா

ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டுக் குனிந்து உள்ளே நுழைந்ததும், தெய்வசிகாமணி சட்டைப் பையிலிருந்து ஒரு கேஸ் மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொள்வார். ஒரு மடக்குத் தண்ணீர். அப்புறம்தான் சாமி படத்துக்கு ஊதுவத்தி. பதினோரு வருஷமாக இந்த வரிசை மாறியதில்லை.

முதலியார்பேட்டையில், மூடிக்கிடக்கும் மில்லுக்குப் பின்தெருவில் அவர் சலூன். படிகாரக் கட்டிக்குப் பக்கத்தில் அட்டை அட்டையாக அந்த மாத்திரை இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தவர் ஓர் ஏப்பம் விட்டால் போதும், "இந்தாண்ணா, வெறும் வயித்துல போடு, கம்முனு அடங்கிடும்" என்று நீட்டிவிடுவார். மனிதருக்கு முடிவெட்டுவதைவிட இந்த வைத்தியத்தில் பெருமை அதிகம்.

ஆனால் கத்தியைப் பிடித்துவிட்டால் ஆளே வேறு. பேச்சு நின்றுவிடும். குரல்வளையைச் சுற்றிக் கத்தி இறங்குவது தெரியாமல் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

மாசியில் வலது இமை துடிக்கத் தொடங்கியது. "ஆம்பளைக்கு வலது கண்ணு துடிச்சா நல்லதாச்சே" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டார். பங்குனியில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. சித்திரையில் விரல்கள். ஐந்தும் சோறு அள்ளுகிற மாதிரிக் குவிந்து அப்படியே நின்றுவிடும். பிரித்தாலும் பிரியாது. இரண்டு நிமிஷம் கழித்துத் தானாக விடும்.

தெருமுனை டாக்டர் ரத்தம் பார்த்து, கால்சியம் குறைவு என்றார். ஒரு மாதம் கால்சியம் விழுங்கியும் அது ஏறவில்லை. "வேற எதுனா மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

"ஒன்னும் இல்ல சார்."

பொய் சொல்லவில்லை, பாவம். கேஸ் மாத்திரையை அவர் மாத்திரை என்று நினைத்ததே கிடையாது.

மனைவி செல்வாம்பாளிடம்கூட விஷயத்தைச் சொல்லாமல், சவரத்துக்கு மிஷினை எடுத்தார். "இப்பல்லாம் ட்ரிம்மர்தாண்ணா ஃபேஷன்." சொல்லும்போதே வெட்கமாக இருக்கும். கத்தியை விட்டுவிட்டால் இந்த வயதில் அவர் எந்தத் தொழிலுக்குப் போவார்?

ஜானகிராமன் விடவில்லை. மில்லில் இருந்து ஓய்ந்தவர், முப்பது வருஷ வாடிக்கை. "மிஷினெல்லாம் எனக்கு வாணாம்டா, கத்தியப் போடு" என்று தலையைச் சாய்த்துவிட்டார். கன்னம் முடிந்தது. தாடைக்குக் கீழே கத்தி இறங்கியபோது கட்டைவிரல் உள்ளே மடங்குவது சிகாமணிக்குத் தெரிந்தது. மணிக்கட்டு வளைந்தது. பிளேடு தோலின்மேல் இருக்கிறது. அழுத்தினாலும் கிழிக்கும், உருவினாலும் கிழிக்கும்.

"ண்ணா, அசையாத. பேசாத."

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, மயிரிழை மயிரிழையாகத் தூக்கினார். காதுக்குக் கீழே ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். ஆனால் சிகாமணி வேர்த்துக் கொட்டி, நின்ற இடத்திலேயே அழுதுவிட்டார்.

அன்றைக்கே ஜானகிராமன் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் மாலா, பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்து அப்படியே வைத்திருந்தார். மூன்று நிமிஷத்துக்குள் விரல்கள் குவிந்துகொண்டன.

"எந்த மாத்திரையும் சாப்பிடறதில்லையா?"

"இல்லம்மா."

"பையில மின்னுதே, அது?"

"இது கேஸுக்கு. அதெல்லாம் ஒரு மாத்திரையா?"

எத்தனை வருஷம் என்று கேட்டுவிட்டு டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உடம்புக்கு மெக்னீசியம்னு ஒரு சத்து வேணும். இந்த மாத்திரைய வருஷக்கணக்கா போட்டா, சில பேருக்குக் குடல் அத உறிஞ்சாது. அது குறைஞ்சா எவ்ளோ கால்சியம் முழுங்கினாலும் நிக்காது. இன்னும் விட்டிருந்தா இதயத் துடிப்பே தப்பிப் போயிருக்கும்."

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. நரம்பு வழியாக மெக்னீசியம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் முதல் விரல்கள் இழுப்பது நின்றது. பழைய மாத்திரையை நிறுத்தி வேறொன்று எழுதிக் கொடுத்தார்கள். வயிறு எரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். கடையில் யாராவது ஏப்பம் விட்டால், "டாக்டர்கிட்ட காட்டுண்ணா" என்பதோடு சரி.

கை சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிகாமணிக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஜானகிராமன் வந்து, மறுபடி கத்திதான் வேண்டும் என்றார்.

"ஒரு நிமிஷம் இருண்ணா."

அவரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, சிகாமணி நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்தார். தன் கழுத்து முழுக்க நுரை தடவினார். புது பிளேடு மாட்டினார். கண்ணாடியைப் பார்த்தபடி தாடையை நிமிர்த்தி, கத்தியைத் தன் குரல்வளையின் மேல் வைத்து மெல்ல இழுத்தார்.