சதுரம் காட்டிய வளவு

கல்முனையில் நான் அச்சடிக்காத பொருள் குறைவு. கோப்பை, தொப்பி, குடை, பேனை, நோன்பு கால நேர அட்டை என்று கடைக்காரர்கள் இனாமாகக் கொடுக்க எதைக் கொண்டுவந்தாலும், அதில் அவர்களுடைய பெயரையும் ஃபோன் நம்பரையும் ஏற்றிக் கொடுப்பேன். சுனாமிக்குப் பிறகு பெண்களுக்கென்று நடந்த ஒரு ஸ்கிரீன் பிரின்டிங் வகுப்பில் பிடித்த தொழில் அது. கூடப் படித்தவர்கள் எல்லோரும் பிறகு தையலுக்குப் போய்விட்டார்கள். ஊசியில் நூல் கோக்கும் பொறுமை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் எல்லார் கையிலும் தொடுதிரை ஃபோன் வந்தது. பின்னாலேயே கியூஆர் கோட் என்ற கறுப்பு வெள்ளைச் சதுரமும் வந்தது. ஃபோனைக் காட்டினால் கடையின் பக்கம் தானாகத் திறக்குமாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடிப்பதுதான் சீவன் போகிற வேலை. மை ஒரு சொட்டுக் கூடினாலும் சின்னக் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஃபோன் முழிக்கும். ஒரு நகைக்கடைக்காரர் வெள்ளைக் கோப்பையில் தங்க நிறத்தில்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஒரு ஃபோனுக்கும் அது கண்ணில் படவில்லை. இன்னொருவர், "இது பன்பாய்ப் பின்னல் மாதிரி இரிக்கி தங்கச்சி, உள்ளுக்க ரெண்டு பூப் போடுங்க" என்றார். போட்டேன். அதுவும் திறக்கவில்லை. இரண்டு பேரும் என்னைத்தான் ஏசினார்கள்.

இந்த நேரத்தில்தான் பொத்துவிலில் இருந்த என் தம்பிக்கு நான் உதவி செய்யக் கிளம்பினேன். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை அங்கே போய்க் குடியிருப்பார். தம்பியும் அப்படித்தான் போனான். அவன் மனைவியின், அதாவது என் மச்சியின், சீதன வீடு கடற்கரையோடு இருந்தது. சுனாமி அந்த வீட்டையும் அதற்குள் இருந்த மச்சியின் உம்மாவையும் கொண்டுபோனது; நிலமும் கிணறுமாக வளவு மட்டும் மிஞ்சியது. பிறகு வீட்டுத்திட்டத்தில் உள்ளுக்கு, வயல் பக்கம் அவர்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. தம்பி கட்டாருக்குப் போனான். யுத்தம் முடிந்து, பொத்துவிலை ஒட்டிய அறுகம்பேக்கு வெள்ளைக்காரர் வரத் தொடங்கியதும் ஓடிவந்து, அந்த வீட்டோடு சேர்த்து இரண்டு அறை கட்டினான். கடலில் அலையேற வருகிறவர்களுக்கு வயல் பக்கம் அறை! இரண்டு சீசன் போனது. தங்க வந்தவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

"கடக்கரை வளவு சும்மாதானே கிடக்கு, அதில கட்டேன்டா" என்று ஒருமுறை கேட்டேன்.

"ராத்தா, அவ கடல் சத்தம் கேட்டாலே காதப் பொத்துவா. உம்மா மௌத்தான இடத்தில கட்டுவமா எண்டு நான் எந்த வாயால கேக்கிற?"

மூன்றாவது சீசன் தொடங்கும்போது கட்டாரிலிருந்து விசா வந்திருந்தது. இந்த முறையும் ஆள் வராவிட்டால் திரும்பப் போவதென்று தம்பி சொல்லிவிட்டான். முந்திய முறை அவன் போகும்போது மகள் கைப்பிள்ளை. திரும்பி வந்தவனைக் கண்டு, யாரோ என்று வீறிட்டு அழுதாள். அதைச் சொல்லும்போதெல்லாம் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொள்வான்.

ஆட்களுக்கு இடம் தெரியாமல்தான் வருகிறார்களில்லை என்று நானாகவே தீர்ப்புச் சொன்னேன். சாவியில் கோக்கும் கீ-டேக்கில் சதுரமும் தம்பியின் ஃபோன் நம்பரும் அடித்து, அறுகம்பேயில் தேத்தண்ணிக் கடைகளிலும் ஆட்டோக்காரர்களிடமும் கொடுப்பது; ஃபோனைக் காட்டினால் வரைபடம் திறந்து நேரே வீட்டுக்குக் கூட்டிவரும். இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். தம்பிக்கு அதெல்லாம் ஓடாது. வெளியே போயிருந்த மச்சிக்கு ஃபோன் பண்ணி அனுப்பச் சொன்னான். பின்னேரம் அசர் தொழுத கையோடு எனக்கு வந்து சேர்ந்தது.

வெள்ளையில் கறுப்பு, பூவும் இல்லை தங்கமும் இல்லை. இருநூறு அடித்து ஒவ்வொன்றையும் ஃபோனில் பார்த்தேன். இருநூறும் திறந்தன! சிவப்புப் புள்ளி எந்த இடத்தில் குந்தியிருக்கிறது என்று மட்டும் நான் பார்க்கவேயில்லை. திறந்த சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெட்டியோடு பஸ் ஏறிப் பொத்துவில் போய், தம்பியோடு சேர்ந்து பாதியைக் கொடுத்து முடித்தேன். அடுத்த நாள் பின்னேரம், மச்சி வழமைபோல் பக்கத்து வீட்டுக்கு ஓதப் போகிறேன் என்று போயிருந்த நேரம், தம்பியின் ஃபோன் அடித்தது. ஒரு வெள்ளைக்காரச் சோடி. உங்கள் இடத்துக்கு வந்துவிட்டோம், அறை எங்கே என்று கேட்டார்கள். நாங்கள் வாசலுக்கு ஓடிப் பார்த்தோம். ஒரு கோழி மட்டும் நின்றது.

"என்ன ராத்தா அடிச்சி வெச்சிரிக்கீங்க?" என்று தம்பி சீறினான்.

"நான் அடிச்சதில பிழையில்லடா!" என்று நானும் சீறிக்கொண்டே ஃபோனை விரித்துப் பார்த்தேன். புள்ளி கடற்கரை வளவில் நின்றது.

ஆட்டோவில் பறந்து போனோம். வளவில் பழைய வீட்டின் அத்திவாரத்தில் குந்தி அந்தச் சோடி இளநீர் குடித்துக்கொண்டிருந்தது. கிணற்றடியில், மடியில் யாசீன் கிதாபோடு மச்சி இருந்தாள். இளநீர் வெட்டிக் கொடுத்தவளும் அவள்தான். எங்களைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பினாள்.

"நீ இங்கயா வாற?" என்றான் தம்பி.

"ஒவ்வொரு நாளும். உம்மாக்கு ஓத. அண்டைக்கு நீங்க ஃபோன் பண்ணக்குள்ளயும் இங்கதான் இருந்த. நிக்கிற இடம் போகுமெண்டு எனக்குத் தெரியா."

"உனக்குக் கடல் பயமெண்டுதானே..."

"அது முந்தி."

"அப்ப ஏன் என்னட்டச் செல்லல்ல?"

"எனக்காகத்தானே வயல் பக்கம் கட்டினீங்க. கட்டி முடிஞ்சாப் பொறகு எப்படிச் செல்ற?"

எனக்கு இரண்டு பேரையும் பிடித்து நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது. ஒருவர் மனம் நோகக் கூடாதென்று மற்றவர் வாயை மூடிக்கொண்டு, வருடக் கணக்கில் இப்படி இருந்திருக்கிறார்கள். மச்சி என்னைப் பார்த்து, "மதினி, நீங்களாவது செல்லுங்க" என்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"கட்டாருக்குப் போகாதீங்க. இங்க கட்டுவம். உம்மாட அறை இருந்த பக்கத்த மட்டும் விட்டிருங்க."

போக வேண்டாம் என்று அவள் அதற்கு முன் ஒருநாளும் கேட்டதில்லை. தம்பி கிணற்றுக் கட்டில் குந்தி விக்கி விக்கி அழுதான். வெள்ளைக்காரர் என்னைப் பார்த்தார்கள். என் இங்கிலீசு அவ்வளவு தூரம் போகாது, நானும் அழுதேன்.

மறுநாள் காலை நான் எழும்பும்போது மச்சி தம்பியின் பயணப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். கட்டாருக்கென்று அவள் கையாலேயே கட்டிய பெட்டி. சேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, மகளின் உடுப்புகளுக்குப் பக்கத்தில் அலுமாரியில் அடுக்கினாள்.