எத்தனை பேர் என்று கேட்டேன்

வேலை போன மூன்றாவது வாரம் என் மனைவி என்னை வீட்டை விட்டுக் கிளப்பினாள். காரணம், சமையலறை. பொழுது போகாமல் அவளுடைய டப்பாக்களை எல்லாம் இறக்கி, துடைத்து, பெயர் ஒட்டி, அகர வரிசையில் அடுக்கி வைத்திருந்தேன். இருபத்தாறு வருடம் மென்பொருள் துறையில் குப்பை கொட்டியவன் வீட்டுக்குச் செய்யக்கூடிய பேருதவி அது என்று எனக்கே பெருமை. அவள் அடுப்பில் எண்ணெய் காயும்போது சீரகத்துக்குக் கை நீட்டினாள், சேமியா வந்தது.

"கடைக்கு வந்து உக்காருங்க. நீங்க இங்க இருந்தா நான் உப்பைத் தேடியே செத்துருவேன்," என்றாள்.

கடை என்றால் ரவிக்கை தைக்கும் கடை. சிங்கப்பூரின் தேக்கா பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. மூன்று தையல் இயந்திரங்கள், ஆளுயரக் கண்ணாடி, திரை போட்ட ஒரு மூலை, துணி வெட்டும் நீள மேசை, பூட்டிய இரும்பு அலமாரி. தைப்பதற்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள். அளவெடுப்பதும் வெட்டுவதும் அவள்தான். பன்னிரண்டு வருடமாக நடத்துகிறாள். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் அங்கே பத்துத் தடவை போயிருந்தால் அதிகம். அதுவும் அவள் குடையை மறந்துவிட்டுப் போன நாட்களில்தான். எனக்கு என் அலுவலகம், என் கூட்டங்கள். நிரல் எழுதுகிறவர்களைப் பார்த்து "எப்போ முடியும்?" என்று கேட்பதுதான் கடைசிப் பத்து வருடமாக என் உத்தியோகம், நானாக ஒரு வரிகூட எழுதியதில்லை.

போய் உட்கார்ந்த முதல் நாளே ஒன்று கண்ணில் பட்டது. ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றதும் என் மனைவி வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு நோட்டைப் புரட்டுகிறாள். போன தடவை வைத்த கழுத்து என்ன, கை நீளம் என்ன என்று தேடுகிறாள். அந்த அம்மாள் கைப்பேசியைப் பார்த்தபடி நிற்கிறார். எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பொறியாளன் எழுந்து உட்கார்ந்தான்.

"நான் ஒரு புரோகிராம் எழுதித் தர்றேன். பேரைத் தட்டினா அளவு, கழுத்து டிசைன் போட்டோ எல்லாம் வந்துரும்."

அவள் யோசித்தாள். "எழுதுங்க. ஆனா ஒண்ணு. தீபாவளிக்கு முந்தின நாள் இந்தக் கடையிலேர்ந்து ஒருத்தரும் வெறுங்கையோட திரும்பினது இல்ல. பன்னெண்டு வருஷமா இல்ல. அதைக் கெடுத்துராதீங்க."

கெடுப்பேனா என்ன, என்று சிரித்தேன்.

மறுபடி நிரல் எழுத உட்கார்ந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சாப்பாட்டு மேசையில் பழைய மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, யாருக்கும் அறிக்கை அனுப்பத் தேவையில்லாமல், நானே எழுதி, நானே பிழை செய்து, நானே திட்டிக்கொண்டேன். வேலை போனதை இரண்டு நாள் மறந்தேவிட்டேன். தனியாக ஒரு சர்வர் எல்லாம் இந்தக் கடைக்கு எதற்கு? நிரலுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும் சின்ன டேட்டாபேஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

இந்த வகை டேட்டாபேஸில் ஒரு முறை உண்டு. எதையும் எழுதும் முன் அதற்கான சூழலைத் திறக்க வேண்டும். திறப்பதற்கு முன்பே சில விவரங்களைச் சொல்லிவிட வேண்டும். எந்த ஃபோல்டரில் குடியிருக்கும், ஒரே நேரத்தில் எத்தனை பேர் படிப்பார்கள், எல்லாம் சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு பெரிதாகும். கல்யாண மண்டபம் பிடிப்பது மாதிரிதான். ஆள் கணக்கை முன்கூட்டியே சொல்லி இடம் பிடிக்க வேண்டும். பந்தி நடக்கும்போது சுவரைத் தள்ளி வைக்க முடியாது. ஃபோல்டருக்குக் கடையின் பெயரையே வைத்தேன். படிப்பவர்கள், அவளும் நானும், இரண்டு பேர். மூன்றாவது கேள்விக்கு மட்டும் அவளைக் கேட்க வேண்டியிருந்தது.

"உனக்கு மொத்தம் எத்தனை கஸ்டமர்?"

"அதெல்லாம் எண்ணக் கூடாதுங்க."

"நான் எண்ணல. கம்ப்யூட்டர் கேக்குது."

"கம்ப்யூட்டர் கண்ணு மட்டும் நல்ல கண்ணா?" என்றாள். பிறகு நான் விடமாட்டேன் என்று தெரிந்து, "ஏதோ ஒரு நூறு, நூத்தம்பது பேரு இருப்பாங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அவள் வீட்டில் எல்லோருமே இப்படித்தான். இருப்பதை வாய்விட்டு எண்ணிச் சொன்னால் கண் பட்டுவிடும். எங்கள் மகள் வகுப்பில் முதலாவதாக வந்தபோதும் என் மாமியார் அக்கம்பக்கத்தில் சொன்னது, "ஏதோ பாஸ் பண்ணிட்டா" என்றுதான். இத்தனை வருடம் அந்தக் குடும்பத்தில் சம்பந்தம் வைத்திருக்கும் எனக்கு இது தெரியாததா? தெரியும். ஆனாலும் நூற்றைம்பதை அப்படியே எடுத்துக்கொண்டேன். பெரிய மனது பண்ணி அதை இரண்டால் பெருக்கி, படங்களுக்கும் சேர்த்து இடம் ஒதுக்கினேன். பத்து மடங்கு ஒதுக்கியிருந்தாலும் குடி முழுகிப் போயிருக்காது. அவள் கடைக்கு அவ்வளவு எதற்கு என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

இன்னொரு தவறும் செய்தேன். எழுது என்று சொன்னால் டேட்டாபேஸ் ஒரு பதில் தரும். எழுதிவிட்டேன் என்றோ, முடியவில்லை என்றோ சொல்லும். நான் அந்தப் பதிலை வாங்கவே இல்லை. எழுதச் சொன்ன கையோடு திரையில் பச்சை எழுத்தில் "சேமிக்கப்பட்டது" என்று காட்டிவிட்டேன். எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர் இப்படிச் செய்திருந்தால் அரை மணி நேரம் வகுப்பு எடுத்திருப்பேன்.

ஆடி முடிந்ததும் நிரலைக் கடையில் வைத்தோம். வருகிறவர்களின் அளவை எடுத்து அவளே தட்டினாள். நோட்டை மூடி அலமாரியில் வைத்தாள். முதல் வாரம் சந்தேகமாகப் பார்த்தாள். இரண்டாம் வாரம், "பரவால்ல லா, ஈசியாத்தான் இருக்கு" என்றாள். எனக்குப் பதவி உயர்வு வந்தபோதுகூட மனம் அவ்வளவு குளிர்ந்ததில்லை. கடை அவளிடம் இருக்கட்டும் என்று நான் நேர்காணல்களுக்குப் போய் வர ஆரம்பித்தேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளிடமிருந்து அழைப்பு வந்தது. குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. அதுதான் பயம்.

"ஒரு துணியை வெட்டலாம்னு பேரைத் தட்டினேன். அப்படி ஒரு ஆளே இல்லன்னு சொல்லுது. நேத்து நான்தான் அளவெடுத்தேன்."

ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கி ஓடினேன். சிராங்கூன் சாலையில் தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவே ஓடுவது லேசில்லை. மூன்று பூமாலைக் கடைகளில் திட்டு வாங்கிக்கொண்டு மாடியேறினேன். நிரலை நிறுத்தி, கையால் ஒரு பெயரை எழுதிப் பார்த்தேன். இந்தத் தடவை பதிலை வாங்கினேன். இடம் நிரம்பிவிட்டது, இனி எழுத முடியாது என்றது டேட்டாபேஸ். சனிக்கிழமை மதியத்திலிருந்து அது அதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் எழுதிய நிரல் அதை மறைத்துவிட்டுப் பச்சை காட்டியிருக்கிறது. உள்ளே முன்னூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் ஒரே சீசனில் வந்தவர்கள்.

"நூத்தம்பதுன்னு சொன்னியே!"

"ஏதோன்னு சேர்த்துத்தானே சொன்னேன்!"

சண்டை போட நேரமில்லை. சூழலை மூடி, இடத்தின் அளவை இரட்டிப்பாக்கி, மறுபடி திறந்தேன். அவசரத்துக்கு அது போதும். ஒவ்வொன்றையும் எழுதியபின் பதிலை வாங்கி, எழுதியதைத் திரும்பப் படித்து, ஒத்துப்போனால் மட்டும் பச்சை வரும்படி மாற்றினேன். அரை மணி நேர வேலை. ஆனால் எழுதப்படாத அளவுகள் திரும்பி வராது. சனிக்கிழமைக்குப் பிறகு வந்த பைகளை அவள் ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தாள். அவள் எண்ணவில்லை. நான் மனதுக்குள் எண்ணினேன். முப்பத்தேழு.

"பழைய பிளவுஸைக் குடுத்து விடச் சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"அளவு பிளவுஸ் வச்சு நான் தைக்கிறதில்ல. பழைய பிளவுஸ் பழைய உடம்புக்கு," என்றாள். முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, பயம் இருந்தது.

நல்லவேளையாக ஒவ்வொரு பையிலும் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு குத்தியிருந்தது. கடைக்கு வெளியே நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு முப்பத்தேழு பேருக்கும் நானே அழைத்தேன். "மன்னிச்சிருங்க, உங்க அளவு அழிஞ்சிருச்சு, தப்பு என்னோடது, இன்னொரு தடவை வர முடியுமா?" திட்டுவார்கள் என்று தயாராக இருந்தேன். திட்டினார்கள்தான், ஆனால் என்னை மட்டும்.

"அந்தக்கா நல்லா இருக்காங்கல்ல? அப்ப சரி, நாளைக்கு லஞ்ச் டைம்ல வர்றேன்," என்றார் ஒரு வங்கி ஊழியர். இன்னொருவர் எல்லைக்கு அப்பால் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி வர வேண்டும்; சனிக்கிழமை வருகிறேன் என்றார். தன் தங்கையின் கல்யாணத்துக்குத் தைத்ததிலிருந்து மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம் வரை எல்லாம் இவள் கைதான் என்று ஒரு ஆசிரியை கால் மணி நேரம் சொன்னார். ஒருவர் நான் யார் என்று கேட்டார். வீட்டுக்காரர் என்றேன்.

"அப்படியா! அவங்களுக்கு வீட்டுக்காரர் இருக்காரா?" என்றார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். கடைக்குள்ளிருந்து தைக்கும் பெண்கள் சிரித்தது கேட்டது.

அந்த வாரம் முழுக்க வந்துகொண்டே இருந்தார்கள். வடக்கே ஈசூனிலிருந்து, மேற்கே ஜூரோங்கிலிருந்து, வேலை உடையோடு, குழந்தை வண்டியோடு. மாடிப்படியில் வரிசை நின்றது. அவர்களில் ஒருவரும் என் மனைவியிடம் பெயர் சொல்லவில்லை; அவளுக்கே தெரிந்தது. போன வருடம் தோள் வலி என்றீர்களே, இப்போது எப்படி என்று கேட்டபடியே இஞ்சு டேப்பைப் போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைத் தட்டினேன். வீட்டில் கேட்ட எதற்கும் "ஏதோ போகுது" என்று ஒற்றை வரியில் பதில் சொல்லும் பெண் இவள்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தாறு பேர் வந்துவிட்டார்கள். மிச்சம் ஒரு மருத்துவமனைத் தாதி. ஆள் பற்றாக்குறையால் தீபாவளிவரை அவருக்கு இரட்டை ஷிஃப்ட்.

"பரவால்லக்கா, போன வருஷத்து பிளவுஸையே போட்டுக்கிறேன் லா," என்றார்.

"உங்க பிரேக் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் என் மனைவி.

மறுநாள் மதியம் இருவரும் பேருந்து பிடித்து அவருடைய மருத்துவமனைக்குப் போனோம். பெண்கள் கழிப்பறைக்கு வெளியே நான் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பாதுகாவலர் இரண்டு தடவை என்னைக் கடந்து போனார். ஆறு நிமிடத்தில் அவள் வெளியே வந்து தோளிலிருந்து பின் கழுத்து வரை ஒப்பித்தாள். நான் தட்டினேன். பச்சை வரும்வரை இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

தீபாவளிக்கு முந்தைய நாள் காலையிலிருந்து பைகள் போய்க்கொண்டே இருந்தன. மாலையில் மேசைமேல் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஆறு மணிக்குத் தாதி சீருடையிலேயே படியேறி வந்தார். திரைக்குப் பின்னால் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, என் மனைவியைக் கட்டிக்கொண்டார். அவர் போனதும் தைக்கும் பெண்களுக்கும் இனிப்புப் பெட்டி கொடுத்து அனுப்பினோம். என் மனைவி நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"பதிமூணாவது வருஷமும் ஒருத்தரும் திரும்பல," என்றாள். அவள் வாய்விட்டு எண்ணி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் மடிக்கணினியைத் திறந்தேன். "இப்ப போட்டிருக்கிற அளவு ஒப்புக்குத்தான். சரியா வைக்கணும். உண்மையைச் சொல்லு. மொத்தம் எத்தனை பேர்?"

அவள் காலிக் கடையைச் சுற்றிப் பார்த்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து என் காதருகே குனிந்து, ஒரு எண்ணைச் சொன்னாள். அதை இங்கே எழுதப் போவதில்லை. நான் வேலை பார்த்த எந்த நிறுவனமாக இருந்தாலும் அதைக் கொட்டை எழுத்தில் சுவரில் மாட்டியிருக்கும்.

"இதை ஏன் என்கிட்ட இத்தனை வருஷமா சொல்லல?"

"நீங்க கேப்பீங்க. கடை எப்படிப் போகுதுன்னு கேப்பீங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள டிவி பக்கம் திரும்பிருவீங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பது போலச் சொன்னாள்.

எனக்குக் கண் கரித்தது. கீழே தெருவில் யாரோ கடைசி நேரத் தள்ளுபடியைக் கூவிக்கொண்டிருந்தார்கள். சூழலை மூடிவிட்டு, அவள் சொன்ன எண்ணைப் பத்தால் பெருக்கி அதற்கான அளவை எழுதினேன். சரியா என்று கேட்டேன். கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் என் தோளில் கையை ஊன்றித் திரையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு சைபர் போடுங்க," என்றாள்.