உத்திரத்தில் ஒரு கயிறு

மாமாவுக்கு வலது பக்கம் விழுந்துபோன வருஷம், எங்கள் ஊருக்கே தான் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருந்தது. திருவிதாங்கூர் போய்த் திருக்கொச்சி வந்திருந்தது. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நாகர்கோவிலில் கொடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாமாவின் வலது கையும் காலும் அதே நிலைமையில்தான் கிடந்தன. அவர் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தன, ஆனால் அவர் சொல்லைக் கேட்கவில்லை.

மாமா வீடு பூதப்பாண்டியில். அத்தைக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று பள்ளிக்கூட லீவுக்கு அம்மா என்னை அங்கே அனுப்பினாள். எனக்கு எட்டு வயது. ஒத்தாசை என்றால் அத்தை ஆக்கி வைப்பதைத் தின்று தீர்ப்பது என்று எடுத்துக்கொண்டேன்.

மாமா வாயிலிருந்து வருவது பேச்சு மாதிரி இருக்கும், பேச்சாக இருக்காது. அத்தைக்கு மட்டும் விளங்கும். "வெந்நி கேக்காரு" என்பாள். "சன்னலச் சாத்தச் சொல்லுகாரு" என்பாள். எல்லாம் அவளாக இட்டுக்கட்டுவது என்பது பெரியம்மாவின் கட்சி. பெரியம்மா மாமாவுக்கு மூத்தவள். பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு தம்பி வீட்டையும் சேர்த்து ஆண்டு வந்தாள்.

குலசேகரத்திலிருந்து ஒரு வர்ம ஆசான் வந்து தங்கி, எண்ணெய் தேய்த்து நீவிவிடும் உழிச்சல் நடத்தினார். கதவைச் சாத்திக்கொள்வார். எண்ணெய் வாசம் மட்டும்தான் எனக்குக் கிடைக்கும். சிகிச்சை பாதியில் இருக்கும்போது அவர் மகளுக்குப் பிரசவம் என்று ஆள் வந்தது. சாமான் சட்டியெல்லாம் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கியவர், அத்தையிடம் திரும்பிச் சொன்னார்.

"நிறுத்தீராதீங்கோ. நிறுத்தினா இதுவரைக்கும் செய்தது அத்தனையும் வெறுதே. பாரம் முழுக்கக் கயித்துல, கேட்டியளா. கயித்த மட்டும் விட்டுரப்பிடாது."

அத்தை தலையாட்டினாள். தொழுவத்தில் புதிதாக வாங்கிய பசு ஒன்று நின்றது, கண்டவரையெல்லாம் முட்டும். அதைப் பற்றித்தான் பேச்சு என்று நானும் தலையாட்டினேன்.

மறுநாள் கிணற்றில் புதுக்கயிறு கிடந்தது. தண்ணீர் இறைக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. இறைத்துவிட்டு வந்தால், அறைக்கதவு சாத்தியிருக்கிறது. ஆசான் இல்லாமலே எண்ணெய் வாசம் வருகிறது. கதவிடுக்கில் கண்ணை வைத்தேன்.

கிணற்றின் பழைய கயிறு உத்திரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உத்திரத்தில் கயிறு தொங்கினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கீழே பாயில் மாமா குப்புறக் கிடந்தார். அத்தை குனிந்து அவர் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கடைசி நமஸ்காரம் என்று நான் முடிவு செய்தேன். பிறகு அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாமாவின் மேல் ஏறினாள். இடுப்பிலிருந்து தோள்வரை காலால் மிதித்து இழுத்தாள். மாமா முனகினார்.

என் மூளை அத்தனை வேகமாக அதற்குப் பிறகு ஒருநாளும் வேலை செய்ததில்லை. முதலில் மாமாவைக் கொல்லப்போகிறாள், அடுத்துத் தானும் தொங்கப்போகிறாள், அப்படியானால் அரிந்து வைத்த பலாக்காயில் மத்தியானத்துச் சக்கை எரிசேரி யார் வைப்பது? எரிசேரியில் வந்து நின்றதும்தான் எனக்குக் கால் முளைத்தது.

அவிழ்ந்த நிக்கரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, "அத்தை மாமாவச் சவுட்டிக் கொல்லுகா" என்று கத்தியபடி ஓடினேன். வழி தவறித் தொழுவத்துக்குள் புகுந்து முதலில் பசுவிடம் சொன்னேன். அது அன்றைக்கு முட்டவில்லை, பின்வாங்கிவிட்டது. அதற்கப்புறம்தான் பெரியம்மாவிடம் போனேன்.

பெரியம்மா வந்தாள். வயலுக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்தார். பின்னால் பாதித் தெரு. பெரியம்மா கதவைத் தள்ளினாள். அத்தை மாமாவின் தொடைமேல் கால் வைத்தபடி கயிற்றில் தொங்கி நின்றாள்.

"கெட்டுன புருஷன் மேல கால வச்சிட்டு நிக்கா பாரு. எறங்குட்டி."

"ஆசான் சொல்லித் தந்ததுதான் மைனி. நடுவுல நிறுத்துனா இவரு பின்ன எழும்பவே மாட்டாராம்."

"எழும்பாட்டா நான் தூக்கிச் சொமக்கேன். ஊரு என்ன சொல்லும்?"

"சொல்லட்டும் மைனி. முடிச்சிட்டு எறங்குகேன்."

அத்தை இறங்கவில்லை. கயிற்றை அவிழ்க்கும்படி பெரியம்மா பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு ஸ்டூலில் ஏறி முடிச்சில் கை வைத்தார். அப்போது பாயில் கிடந்த தலை மெதுவாகத் திரும்பியது.

"கயித்த... விடும் ஓய்," என்றார் மாமா. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அவ... சவுட்டட்டு."

இதை யாரும் இட்டுக்கட்ட முடியாது. பாதித் தெருவும் கேட்டது. பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இதச் சொல்லதுக்கா இத்தன நாளு வாய மூடிட்டுக் கெடந்த, நாசமாப் போவான்," என்றாள். எழுந்து, எல்லாரையும் வெளியே தள்ளி, என் காதைப் பிடித்து இழுத்து, கதவை அவளே சாத்தினாள்.

அன்றுமுதல் காலையானால் பெரியம்மா அந்தக் கதவுக்குக் காவல். யார் வந்தாலும் "உள்ள குளிப்பாட்டுகா, பெறவு வாங்கோ" என்பாள். இத்தனை நேரம் குளிப்பாட்டினால் ஆள் கரைந்துபோவானே என்று ஒருத்தர் கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆவணியில் கன்னிப்பூ நெல்லறுப்புக்கு மாமா வயலுக்கே போனார். காலை இழுத்து இழுத்துக் கம்பு ஊன்றி நடந்தார். வரப்பில் நின்று வேலையாட்களை வைதார். ஒவ்வொரு வசவும் தெளிவாக இருந்ததாம்.

அதற்கு முன்பே என் லீவு முடிந்துவிட்டது. ஊர் முழுக்க அத்தையின் காலைப் பற்றித்தான் பேச்சு. வந்தவர்கள் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மெட்டி போட்ட சாதாரணக் கால். கிளம்புகிற அன்று எனக்கென்று சக்கை எரிசேரி வைத்தாள். பரிமாறக் கரண்டியை நீட்டும்போதுதான் அவள் உள்ளங்கையைப் பார்த்தேன். தோலுரிந்து சிவந்து கிடந்தது, விரலடியில் கொப்புளங்கள். மறு கையும் அப்படியே.

"கையில என்னத்த?"

"கயிறு அறுத்துட்டு மக்கா. நீ தின்னு."

கிணற்றுக் கயிற்றைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் லீவு முழுக்க அந்த வீட்டில் தண்ணீர் இறைத்தவன் நான். என் கையில் ஒரு கீறல்கூட இல்லை. அது எப்படி என்று ஒரு நொடி யோசிக்கத்தான் செய்தேன். அதற்குள் இலையில் எரிசேரி விழுந்துவிட்டது.