பலா மரத்தடிக் கல்

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் மழை ஓய்ந்த மாலைகளில் சாமை வயல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில்தான் நான் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலா மரத்தடிக்குப் போவேன். வடக்கே ஒரு கல், கிழக்கே ஊதுவத்தி, தெற்கே அகல் விளக்கு, மேற்கே சொம்பில் தண்ணீர். நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மண்ணும் காற்றும் நெருப்பும் நீரும் என்னைச் சுற்றி மெல்லிய குரலில் பேசிக்கொள்வதுபோல் இருக்கும். பனி முழங்கால்வரை ஏறி வரும்.

இந்த மேல்நாட்டு வழிபாட்டுக்கு விக்கா என்று பெயர். கைப்பேசியில் படித்துப் பிடித்துக்கொண்டேன். இயற்கைதான் தெய்வம், நிலவு வளர்வதும் தேய்வதும் திருநாள், எந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே. நான் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். ஆலங்காயத்தில் இருக்கும் அம்மாவிடம் சொன்னதற்கு, "இன்னாடி, சூனியம் கீனியம் கத்துக்கினியா?" என்று கேட்டு மிளகாய் சுற்றிப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

மலையில் எனக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனைக்கூட வேலை. வீட்டுக்கார அக்கா என் மரத்தடி வேலையைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். விளக்கு, ஊதுவத்தி, சொம்புத் தண்ணீர், கல். பிறகென்ன சந்தேகம்? ஒரு வெள்ளிக்கிழமை கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. அடுத்த வாரம் செவ்வரளி மாலை. கல் அழகாகத்தான் இருந்தது, விட்டுவிட்டேன்.

அக்காவின் மகள் அப்போது நிறைமாதம். அவளுக்கு ரத்தம் குறைவு என்று கண்டுபிடித்ததே நான்தான். வலி வந்ததும் ஜீப்பில் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அக்கா கிளம்புமுன் பலா மரத்தடிக்கு ஓடி, கல்லின் முன் விழுந்து எழுந்ததைப் பார்த்தேன். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்தார்கள். கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் மரத்தில் கறுப்புக் கிடா ஒன்று கட்டியிருந்தது.

"ஒன் அம்மனுக்குத்தான்" என்றார் அக்கா. "கெடா வெட்றேன்னு வேண்டிக்கினேன்."

நான் கிடாவுக்கும் அவருக்கும் நடுவே போய் நின்றேன். "அக்கா, அங்க அம்மன் யாருமில்லீங்க. அந்தக் கல்லை வெச்சதே நான்தான்."

"யாரு வெச்சா இன்னா? எம் பொண்ணு பொழைச்சு வந்துட்டா இல்ல? தெனம் ஊசி போட்டு ரத்தம் எடுக்கறவ, ஒரு கெடாவுக்குப் போயி பயப்படறியே!" சிரித்தார். உடனே முகம் மாறியது. "வேண்டுதல பாக்கி வெச்சுக்கினா கொழந்தைக்கு ஆவாதும்மா."

சாயங்காலம் அவர் கணவர் அரிவாளோடு வந்து நின்றார். இங்கே வழக்கம் ஒன்று உண்டு. கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால் தெய்வம் உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். சிலிர்க்காமல் வெட்டமாட்டார்கள்.

அக்கா தெளித்தார். சிலிர்க்காதே, சிலிர்க்காதே என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். கிடா பாட்டுக்குச் செவ்வரளிப் பக்கம் மூக்கை நீட்டியது. மாலையை எட்ட இழுத்துவிட்டு மறுபடி தெளித்தார். அசையவில்லை. என் கெஞ்சல் பலித்துவிட்டது என்று மகிழ்ந்த நேரத்தில் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். ரத்தம் வற்றிப்போயிருந்தது.

"இன்னா கொறை வெச்சேன் தாயே? எம் பேரன் மேல கோவமா?"

வீட்டுக்குள் குழந்தை வீறிட்டது. அக்கா நடுங்கினார். தீங்கு செய்யாதே என்று படித்தேனே தவிர, ஒரு உயிரைக் காப்பாற்றுவது இன்னொரு உயிரை இப்படி நடுங்கவைத்தால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அக்கா சொம்பை என் கையில் திணித்தார்.

"நீ கேளும்மா. நீ கேட்டா அவ சொல்லுவா."

வழக்கமாக நான் முணுமுணுக்கும் ஆங்கில வரிகள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கல்லைப் பார்த்தேன். வாயில் வந்தது வீட்டுப் பேச்சுதான்.

"தாயே, கெடா ஒனக்குத்தான். இத உயிரோட வெச்சுக்கிறியா?"

தெளித்தேன். பலா இலைகளிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும். பனி எங்களை மூடிக்கொண்டு வந்தது. கிடா எதையோ கேட்பதுபோல் தலையைத் தூக்கியது. காதிலிருந்து வால்வரை ஒரு சிலிர்ப்பு. மஞ்சள் துளிகள் எங்கள் எல்லோர் முகத்திலும் தெறித்தன.

"உத்தரவு குடுத்துட்டா!" என்று அக்கா அழுதுகொண்டே சிரித்தார். அவர் கணவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். நான் சொம்பை மேற்கே வைத்துவிட்டு எப்போதும்போல் நடுவில் உட்கார்ந்தேன். அக்கா உள்ளே ஓடிக் குழந்தையைத் தூக்கி வந்து, விளக்குக்கும் சொம்புக்கும் நடுவே, என் மடியில் கிடத்தினார்.

நனைந்த ஆடு எப்படியும் சிலிர்க்கும். அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பொடிசு என் விரலைப் பிடித்துக்கொண்டபோது எனக்குக் கண்ணீர் கொட்டியது. கிடாவுக்காக மட்டும் இல்லை, இந்தக் குழந்தைக்காகவும் நான் இவ்வளவு நேரம் பயந்துகொண்டுதான் நின்றிருக்கிறேன்.