பின்விளக்கில் ஏறிய அரக்கு

அண்ணியின் சாயப்பட்டறையில் பொடி டப்பாக்கள் அடுக்கிய அலமாரி ஒன்று இருந்தது. உள்ளே எந்த நிறம் இருக்கிறதோ அதை ஈர விரலால் தொட்டு மூடியின்மேல் வைத்திருப்பார். பெயர் எழுதும் வழக்கமெல்லாம் அங்கே கிடையாது. மேல்தட்டு மூலையில் இருந்த ஒரு டப்பாவின் மூடி மட்டும் வெறுமையாக இருந்தது. அதற்குள், பழைய வேட்டித் துணியில் சுற்றியபடி, என் அண்ணனுடைய அம்பாசிடர் காரின் இடப்பக்கப் பின்விளக்கு மூடி கிடந்தது. கையில் அடங்கிவிடும் சிவப்பு பிளாஸ்டிக், அவ்வளவுதான். வலப்பக்கத்து மூடி தெள்ளார் சாலையில் தூளாகிவிட்டது. காரை ஓட்டிப்போன அண்ணனும் அங்கேயே போய்விட்டான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆரணியில் வாடகைக் கார் வைத்திருந்தவர்களில் அண்ணனும் ஒருவன். பட்டுக்கடைக்காரர்களைக் காஞ்சிபுரத்துக்கும், கல்யாண வீட்டாரை தேசூர், வந்தவாசி என்றும் ஏற்றிப்போவான். சவாரி இல்லாத நேரத்தில் கார் தெருவில், மேற்கு வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். அந்த வெயிலில் பின்விளக்கு மூடிகள் வெளுத்து, தண்ணீர் ஊற்றிய ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்துவிட்டன. அண்ணனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. முன்கண்ணாடியைத் துடைதுடை என்று துடைப்பான், காரின் பின்பக்கம் ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துவிடும். வேலூர் போகும்போது புதிதாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்பான். வேலூருக்கு அடிக்கடி போவான், வெறும் கையோடு திரும்பி வருவான்.

அண்ணி சாயக்காரர் வீட்டுப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு தன் அப்பாவின் பட்டறையை அவரே எடுத்து நடத்தினார். நமக்கெல்லாம் சிவப்பு என்றால் சிவப்பு. அவருக்கு அது தக்காளி, மிளகாய்ப்பழம், குங்குமம், மாதுளை, கறுப்பை எட்டும் அரக்கு என்று பெரிய குடும்பம். அதிலும் கல்யாணக் கூரைப்புடவைக்கான அரக்கு என்றால் கடைக்காரர்கள் அண்ணியிடம்தான் நூல் கொடுப்பார்கள். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. மற்றவர்கள் போடும் அரக்கு டியூப்லைட்டில் ஒரு மாதிரியும் வெயிலில் ஒரு மாதிரியும் தெரியுமாம். "என் அரக்கு வெயில்ல புடிச்சாலும் அரக்கு, வெளக்குல புடிச்சாலும் அரக்கு. மாறவே மாறாது" என்பார். அவர் சொன்னது உண்மைதான். என் கூரைப்புடவை அவர் கையால் சாயம் ஏறியது, இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு, நான் ஆசிரியையாக இருந்த வெம்பாக்கத்திலிருந்து ஆரணிக்கு வந்திருந்தேன். அன்றைக்கு எங்கள் ஊரில் தறி, சாயத்தொட்டி, தராசு, வண்டி எல்லாவற்றையும் கழுவிக் குளிப்பாட்டிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். காரைச் சுற்றிப் பார்த்த அண்ணி பின்விளக்கின் முன்னால் நின்றுவிட்டார். "சாயக்காரி வூட்டு வண்டி இப்புடி வெளுத்துப்போய் நிக்கறதா?" என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தான்.

இரண்டு மூடிகளையும் கழற்றி முதலில் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தார். பிறகு வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, மேலே படிந்திருந்த மங்கலும் கீறலும் போகத் தேய்த்தார். முதலில் சொரசொரப்பான தாள், அப்புறம் மெல்லியது. கடைசியில் பற்பசையைத் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்க்க, பிளாஸ்டிக் கண்ணாடிபோலத் தெளிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். இதை எத்தனை முறை நினைத்திருப்பேனோ தெரியாது. ஆனால் தெளிந்த பிறகும் நிறம் வெளிறித்தான் இருந்தது. வெளிறிய சிவப்பை அப்படியே விட்டுவிட அவரால் முடியவில்லை. பட்டுச் சாயப் பொடியை ஸ்பிரிட்டில் கரைத்து, மர வேலைக்கு வைத்திருந்த வார்னிஷில் கலந்து, மூடியின்மேல் மெல்லப் பூசினார். காய்ந்ததும் மறுபடி பூசினார். பட்டுக்குச் சாயம் ஏற்றுவதுபோல, நிறம் தன் மனதுக்குப் பிடிக்கும்வரை ஏற்றிக்கொண்டே இருந்தார்.

பட்டு நூலில் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, அதைக் காலை வெயிலில் உள்ளங்கைமேல் பரப்பி மேலாகப் பார்ப்பார்கள். அண்ணியும் அந்த மூடியை அப்படித்தான் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அசல் அரக்கு. கல்யாணப் பெண்போல இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். உள்ளே பல்பை எரியவிட்டு, பின்னால் போய் நின்று பார்க்க வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணன் மூடியை மாட்டுவதற்கு முன்பே பல்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டான். பூஜை நடந்தது நல்ல வெயிலில். பூசணிக்காய் உடைத்தோம், தெருவே வந்து காரின் பின்பக்கத்தைப் பார்த்து மெச்சியது. அண்ணி அன்றைக்குச் சிரித்த சிரிப்பை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

சில நாட்களிலேயே மழை பிடித்துக்கொண்டது. தெள்ளாரிலிருந்து இருட்டில் திரும்பும்போது, முன்னால் மாடு வந்ததென்று அண்ணன் காரை நிறுத்தியிருக்கிறான். பின்னால் வந்த லாரி அப்படியே மோதிவிட்டது. அன்று காரில் போய், காயத்தோடு தப்பி வந்த பட்டுக்கடைக்காரர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். லாரி டிரைவர் மழையில் அழுதுகொண்டே சொன்னதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். "வண்டி நின்னுகினு இருந்ததே தெரியல சார். பின்னாடி செவப்பே தெரியல."

மழை என்றார்கள், லாரியின் வேகம் என்றார்கள், பிரேக் என்றார்கள். அண்ணி அந்த டிரைவரின் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார். காரிலிருந்து மிஞ்சிய சாமான்களில் அந்த ஒரு மூடியை மட்டும் வாங்கி டப்பாவில் வைத்தார். அதன் பிறகு அரக்குச் சாயம் போடுவதில்லை என்று சொல்லிவிட்டார். கல்யாணப் புடவைக்குப் பேர்போன ஊரில் அரக்கு போடாத சாயப்பட்டறையை யார் தேடி வருவார்கள்? பச்சையும் மஞ்சளும் போட்டு வயிற்றைக் கழுவினார். மழைதான் காரணம் அண்ணி என்று போகும்போதெல்லாம் சொல்வேன். ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். அந்த மூடியை எரியவைத்துப் பார்க்கவும் அவருக்குத் துணிவில்லை, தூக்கிப்போடவும் மனதில்லை.

ஆண்டுகள் போயின. சர்க்கரை வியாதி அண்ணியின் கண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. நிறம் தெரியாதவர் சாயம் போட முடியுமா? பட்டறையைக் காலிசெய்து அவரை என்னோடு வெம்பாக்கத்துக்கு அழைத்துப்போக வந்தேன். அலமாரியை ஒழிக்கும்போது வெறும் மூடி போட்ட அந்த டப்பா என் கைக்கு வந்தது. உள்ளே அது அசைந்த சத்தத்தை வைத்தே அண்ணி கண்டுபிடித்துவிட்டார்.

"பாப்பா, அத்த ஒரு தபா எரிய வச்சி பாரு" என்றார்.

கதவைச் சாத்தி இருட்டாக்கிக்கொண்டு, ஒரு ஜீரோ வாட் பல்பின்மேல் அந்த மூடியைக் கவிழ்த்துப் பிடித்தேன். சாம்பலுக்கடியில் கங்கு கிடப்பதுபோல ஏதோ ஒன்று உள்ளே மங்கலாகத் தெரிந்தது. அதுவும் முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான். அண்ணி ஒன்றும் தெரியாத கண்களோடு என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"எரியுதா?"

"நல்லா எரியுது அண்ணி. வாசல்ல நின்னாகூட தெரியும்."

"என்னா செவப்பா தெரியுது?"

"மொளகாப்பழச் செவப்பு" என்றேன். பளிச்சென்ற நிறம் அதுதான் என்று அவசரத்தில் வாயில் வந்துவிட்டது.

"நான் போட்டது அரக்காச்சே பாப்பா. அது வெளக்குல மாறாதே" என்றார்.

பிறகு அரக்கு டப்பா எங்கே என்று கேட்டார். எத்தனையோ வருடமாகத் திறக்காத டப்பா. கொண்டுவந்து கொடுத்தேன். விரலை நாக்கில் நனைத்துப் பொடியைத் தொட்டார். மற்ற கையால் பின்விளக்கு இருந்த டப்பாவின் வெறும் மூடியைத் தடவித் தேடி, அதன் நடுவில் அந்த விரலை வைத்தார்.